காசுக்கு ஓடிய பந்தயம்

அன்புள்ள டோரீன்,

போல்டன் ஊரில் நடந்த அரைமைல் பந்தயத்தில், கடைசி வளைவில், என் விலாவில் முழங்கையால் இடித்தாய். அறுபத்தாறு வருடமாக உன்னோடு பேசவில்லை. இன்னும் மன்னிக்கவுமில்லை.

நேற்று பேத்தி நம் ஓட்டக் கழகத்தின் பழைய குறிப்பேட்டைப் படித்துக் காட்டினாள். நீ இடித்த அதே கோடையில், அதற்குப் பிறகு, நான் கிராமத் திருவிழாவில் பொய்ப்பெயரில் காசுக்கு ஓடினேனே, அதை விசாரிக்க உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஓடுவதற்குக் காசு வாங்கினால் கழகப் பந்தயங்களில் ஆயுள் முழுக்கத் தடை. எப்போதும் எனக்கு அடுத்து வந்தவள் நீ. என் இடம் உனக்குத்தான் கிடைத்திருக்கும். அன்று திருவிழாவில் கயிற்றோரம் நின்று நான் ஓடியதைப் பார்த்தவளும் நீதான்.

செயலாளர் கேட்டதும் நீ சொன்னதும் அப்படியே எழுதியிருக்கிறது.

"அங்க ஓடினது அவதானே?"

"அவளா? அன்னிக்குப் பூரா எங்க அடுப்படியில உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தா சார். எங்கம்மாவைக் கேளுங்க, எவ்வளவு தின்னான்னு சொல்லுவாங்க!"

பேத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உன் முகத்தைக்கூடப் பார்க்காத நாட்கள் அவை.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இங்கிலாந்து அணியின் வெள்ளைப் பனியனில் ஓடினேன். யார் கேட்டாலும், என் கால்கள்தான் என்னைக் கொண்டுவந்தன என்று பெருமையடித்தேன். இன்று பேரப்பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்து, முதல் தடவையாக உன் பெயரைச் சொன்னேன். நன்றியடி.

உனக்கு முன்னால் ஓடியவள்