லாரிசாவுக்கு இல்லாத நோய்

டாஃபின், மானிடோபா
மார்ச் 9

அன்பு மகன் ரோமனுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலையும் நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் பின்கதவையும் தவிர இங்கே எல்லாம் நலம். பெர்த் வெயிலில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்ததை வென்டல் மாப்பிள்ளை போனில் சொன்னபோது, யாருமே சொல்லவில்லையே என்று நீ கோபித்துக்கொண்டாயாம். கோபப்படாதே ராசா. "குழந்தை கைக்கு வர்ற வரைக்கும் மூச்சு விடாதம்மா" என்று லாரிசா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது அவளே, "தம்பிக்கு எல்லாத்தையும் எழுது, அந்தக் கூத்தையும் விடாத" என்கிறாள்.

கருத்தரிப்பு சிகிச்சையில் வைத்த இரண்டு கருவும் எட்டாவது ஒன்பதாவது வாரத்தில் கலைந்துபோனது உனக்குத் தெரியும். வின்னிபெக் மருத்துவமனையில் உறையவைத்திருந்தது இன்னும் ஒன்றே ஒன்று. அதை வைப்பதற்கு முன் இருவருக்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனை செய்தார்கள். முடிவு வந்தது பார், உன் அக்காவுக்கு மேகநோயாம், தப்பான உறவில் தொற்றுகிற அந்த சிபிலிஸ்! அவள் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டாள். பின்னாலேயே வென்டல், தானியக் கிடங்குத் தூசியோடு வாசலில் நின்று, "அத்தை, நான் பெரோகி கொழுக்கட்டைக் கடையில மீதிச் சில்லறை வாங்கக்கூட வெக்கப்படுறவன், என்னையப் போயி" என்று அழாத குறை. அப்பா எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய் விறகு வெட்ட ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் நாள், நுணுக்கமான இன்னொரு பரிசோதனை செய்து, அந்த நோய் இல்லவே இல்லை என்றார்கள். வென்டல் பெரிய கேக் வாங்கி வந்தான்.

நாங்கள் எல்லோரும் கேக் தின்று அதை மறந்திருப்போம். லாரிசாதான் விடவில்லை. மருத்துவர் அபெனா குவார்ட்டியிடம், "இல்லாத நோய் இருக்குற மாதிரி எப்படித் தெரியும்? என் ரத்தத்துல எதைப் பாத்து அது ஏமாந்துச்சு?" என்று கேட்டாள். அந்த அம்மா, "நல்ல கேள்வி கேட்டீங்க" என்றார். நோயைத் தடுக்க உடம்பில் ஊறும் எதிர்ப்பொருள், சிலருக்குத் தன் உடம்பையே எதிரியாக நினைக்குமாம். அதில் ஒரு வகை அந்தப் பரிசோதனையையும் ஏமாற்றும், நஞ்சுக்கொடியின் மெல்லிய நாளங்களில் இரத்தத்தையும் உறையவைக்குமாம், அதனால் கரு கலையலாமாம். சோதித்தால், இருந்தது. ஆனால் காய்ச்சல் வந்தால்கூட அது தற்காலிகமாகத் தோன்றலாம், பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும் என்றார். முப்பத்தெட்டு வயதுக்காரிக்கு அது எவ்வளவு நீளமான காலம்! உடனே வைத்துவிடலாமே என்று வென்டல் துடித்தான். "இருக்கறது ஒண்ணுதான், நான் காத்திருப்பேன்" என்றாள்.

மறுபடியும் அதே முடிவு. கடைசிக் கருவை வைத்தார்கள்; தினமும் சின்ன ஆஸ்பிரின் ஒன்று, இரத்தம் உறையாமல் தடுக்க வயிற்றில் ஊசி ஒன்று. "உறுதியா சொல்ல முடியாது, ஆனா எதோட மல்லுக்கட்டுறோம்னு இப்பத் தெரியும்" என்றார் மருத்துவர். முதல் ஊசியை வென்டல் போடுவதாக மார்தட்டினான், மூடியைக் கழற்றியதும் மயங்கி விழுந்தான். அதன்பிறகு அவளே போட்டுக்கொண்டாள். வயிறெல்லாம் நீலத் திட்டு. ஒன்பதாவது வாரம் ஸ்கேனுக்கு நான்தான் கொட்டும் மழையில் நாலு மணி நேரம் காரோட்டினேன். அறையில் குழந்தையின் இதயத்துடிப்பு கேட்டது ரோமன், ஓடுகிற குதிரை மாதிரி! வென்டல் அழுத அழுகையில் நர்ஸ் அவனுக்குத்தான் நாற்காலி போட்டாள்.

முப்பத்தேழாவது வாரம் டாரியா பிறந்தாள். ஐந்து பவுண்டு பன்னிரண்டு அவுன்சு, குரல் மட்டும் ஐம்பது பவுண்டு. இன்னும் ஆறு வாரம் அந்த ஊசியைப் போடவேண்டும். குழந்தையோடு இப்போது இங்கேதான் இருக்கிறாள்; நேற்றுப் பார்த்தேன், தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு ஒரே கையால் குத்திக்கொண்டாள். வலிக்கிறதா என்று வென்டல் கேட்டான். "ஷ்ஷ், இப்பதான் தூங்குறா" என்றாள்.

நீயும் உன் வேலையும் செழிக்கட்டும், தெய்வம் உன் கூடவே இருக்கட்டும். மறக்காதே, உன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இங்கே போன் செய்யாதே, இங்கே அப்போது ராத்திரி, அப்போதுதான் டாரியா கண்ணசருவாள். எழுப்பிவிட்டால், நீயே பறந்து வந்து தூங்கவைக்கவேண்டும்.

என்றும் உன் அம்மா,
ஓல்கா