வாலில் கட்டாத சிவப்பு நாடா

அன்புள்ள டெல்,

நெவாடாவில் நானும் உன் தங்கை நோலாவும் சுகம், அந்தச் சுகத்தில் அவளுடைய வலது முழங்காலை மட்டும் சேர்க்காதே. அலாஸ்காக் குளிரில் ஈரக் காலுறையோடு படகில் படுக்காதே, நெஞ்சில் சளி கட்டும். சொல்வது நான், எழுதுவது அவள், பிடிக்காத இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு முறைக்கிறாள், ஒரு சொல்லும் விடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

ராண்டல் உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், அவனை விட்டுவிடக் கூடாதா என்று போனில் கேட்டாயே, நடந்ததைக் கேள். ஐம்பது மைல் குதிரை ஓட்டத்துக்கு முந்தின சாயங்காலம், உதைக்கிற குதிரை வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள் என்று ஓட்டம் நடத்துகிற சங்கத்துக்காரர்கள் வழக்கம்போலக் கேட்டார்கள். ராண்டல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அவனுடைய சாம்பல் நிறப் பெட்டை லாடக்காரனின் விலாவை உடைத்தது ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் பின்னால் வருகிறவர்கள் விலகியிருப்பார்கள், ஆனால் அன்றைக்கு அதை விலை பேச ஆள் வந்திருந்தான், நாடா கட்டின குதிரையை எவன் வாங்குவான். மறுநாள் ஓட்டத்தின் நடுவே தண்ணீர்த் தொட்டியில் நோலா தன் குதிரைக்குத் தண்ணீர் காட்டும்போது அந்தப் பெட்டை திரும்பி இவள் முழங்காலில் ஒரே உதை. நாங்கள் இவளைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அதன் வாலில் நாடா ஆடுகிறது.

ஓட்டத்துக்கும் அதில் ஓட்டுகிறவர்களுக்கும் காப்பீடு கொடுத்த கம்பெனிக்காரன் வந்து, நாடா கட்டியிருந்துச்சு, உங்க பொண்ணுதான் ஒட்டிப் போயிருக்கா, வர்ற ஆபத்துக்கு நானே பொறுப்புன்னு கையெழுத்தும் போட்டிருக்கா, ஒண்ணும் தேறாது பெரியவரே என்றான். ஆனால் பாதை காட்டப் புதருக்குப் புதர் சிவப்புப் பிளாஸ்டிக் நாடா கட்டினவன் நான் அல்லவா. தொட்டிக்கு அப்பால் வளைவில் கட்டினது காணோம், பின்னால் வந்த மூன்று பேர் வளைவு தெரியாமல் உப்புத் தரையில் அலைந்துவிட்டுப் பொழுது சாய வந்தார்கள். பெட்டையின் வாலில் இருந்ததும் அதே பிளாஸ்டிக்தான் என்று குதிரைகளைச் சோதித்த டாக்டரம்மாவும் சொல்கிறாள். அவசரத்தில் பக்கத்துப் புதரில் கை வைத்துவிட்டான் முட்டாள்.

சங்கத்துக்காரர்கள் வந்து, கம்பெனி காதுக்கு இது போனா அடுத்த வருஷம் காப்பீடு கிடைக்காது, காப்பீடு இல்லாட்டி ஓட்டமே கிடையாது, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டிருங்க என்றார்கள். ஓட்டம் நாசமாகப் போகட்டும் என்றேன். இந்த இடத்தில் நோலா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், அவளுக்கு அந்த ஓட்டம்தான் உயிர். இனிமேல் குதிரை ஏறவே முடியாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை உன்னிடம் மறைக்கச் சொன்னாள், அதை அவள் கையாலேயே எழுதவைத்திருக்கிறேன், நீயும் தெரிந்துகொள்.

போன ஞாயிறு ராண்டல் வீட்டில் சுட்ட ஆப்பிள் பலகாரத்தோடு வந்து, அந்தப் பெட்டையைச் சுட்டுத் தள்ளிடறேன், உங்க கோபம் தீருமா என்று கேட்டான். குதிரை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, உதைக்கிற குதிரை உதைத்தது, அவ்வளவுதான். பலகாரத்தைப் பன்றிக்குப் போட்டேன். வருகிற வியாழக்கிழமை நாம் போட்ட வழக்கில் வக்கீல்கள் முன்னால் சத்தியம் செய்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பொய் சொன்னவனைக் கம்பெனி கைவிட்டுவிடும், நஷ்டத்துக்கு அவன் பண்ணைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று நம் வக்கீல் சொன்னார், அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

கடல் உன்னிடம் அடக்கமாக இருக்கட்டும், கர்த்தர் உன் படகின் மேல் கண் வைத்திருக்கட்டும். ஒன்றை மறக்காதே, தான் நல்லவன் என்று ஒரு வார்த்தை சொல்லும்படி ராண்டல் உன்னைக் கூப்பிடுவான். சொல்வதானால் முதலில் வீட்டுக்கு வா. நோலா கட்டிலிலிருந்து எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் நின்று பார். பார்த்துவிட்டு அப்புறம் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா ஆர்வில்
(கையெழுத்துக்குப் பதில் நம் மாட்டுச் சூட்டுக்குறியைப் போட்டிருக்கிறேன்)