முதல் சுற்றிலேயே நன்றி சொன்னால்

என் செல்ல மகளுக்கு,

இதை நானே எழுதுகிறேன்! எழுத்துகள் எவ்வளவு நேராக நிற்கின்றன, பார். பக்கத்தில் உன் அம்மா தெரேரே பானத்துக்கு இலை போட்ட குவளையில் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே, "ஒரு வரிக்கு ஒரு மணி நேரமா, கிழவா?" என்று சிரிக்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாதது இன்றைக்கு நல்லதாயிற்று.

முப்பது வருடமாக என் தலைக்குள் கேட்கும் குரல்களை அடக்கிவைத்த மாத்திரைதான் என் எடையையும் சர்க்கரையையும் ஏற்றியதாம். ஒரு மருந்து ஆய்வுக்காகத் திங்கள் முதல் வேறு மாத்திரை தருகிறார்கள். "இந்த வயித்த அளக்க நாடா பத்தல தாத்தா! இதயம் எப்படித் தாங்கும்?" என்றாள் நர்ஸ் சுனில்டா.

முன்பெல்லாம் சம்மதத் தாளில் விரலை ஒற்றிவிட்டு வருவேன். இந்த முறை நானே வாசித்தேன். ஏழாவது வரியில், 'குரல்கள் திரும்ப வரலாம்' என்றிருந்தது. அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். உன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க எனக்கு இந்த இதயம் வேண்டும்.

நீ சிறுமியாக இருந்தபோது, அம்மா நீட்டிய குவளையில் விஷம் இருக்கிறது என்று கத்தினேன். யார் சொல்லியும் நம்பவில்லை. நீ கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாய்.

இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வை. முதல் சுற்றிலேயே, இனி வேண்டாம் என்று நான் நன்றி சொல்லிக் குவளையைத் திருப்பித் தந்ததாக அம்மா சொன்னால், உடனே பஸ் ஏறி வா. இதை என் கண்முன் பிடி. வேறு யாரை நம்பாவிட்டாலும் என் கையெழுத்து எனக்குத் தெரியும்.

அவள் குவளையில் விஷம் இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை.

இதோ, மூன்றாவது முறை நீட்டுகிறாள். வாங்கிக் குடிக்கிறேன்.

தன் கையாலேயே எழுதிய,
உன் அப்பா