டிரைவர் பெட்டியில் அழிந்த எண்

இல்லை அனு, படிக்க முடியவில்லை. டார்ச் அடித்தும் பார்த்துவிட்டேன். நீ கேட்ட ஸ்டிக்கர், மோட்டாரை ஓட்டும் டிரைவர் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது, எழுத்துதான் இல்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு உன் அப்பா அதன்மேல் விபூதிப் பட்டை போடுவதும் மறுநாள் ஈரத்துணியால் துடைப்பதுமாக, எத்தனை வோல்ட் தாங்கும் என்ற எண் போய்விட்டது. 'வி' மட்டும் நிற்கிறது. நாங்கள் இருவரும் நலம். ஜெர்மனியில் உனக்குக் குளிர் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். உன் போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரில் போடு என்கிறார், ஆனால் வாய் திறப்பதில்லை. அவர் காதில் விழாமல் எதுவும் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக் கீர்த்தி இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புவாள்.

கம்ப்யூட்டர் சொல்படி கதவு செதுக்கும் சிஎன்சி மெஷினில் சர்வோ மோட்டார் எரிந்ததும் அப்பா அதைவிடப் பெரியதாக வாங்கி மாட்டினார். டிரைவரும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையும் பழையவை. கட்டையில் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடுகிறது. பாலிஷ் போட வந்த சேவுகப்பெருமாள், மாட்டு வண்டியில யானையக் கட்டியிருக்கீக, வண்டி என்ன செய்யும் என்று சிரித்தார். அதற்கு உன் அப்பாவும் சிரித்தார். ஆனால் மூன்றும் பொருந்துமான்னு பாக்காம ஏன் வாங்குனீக என்று நீ கேட்டதிலிருந்து உன் பெயரை எடுப்பதில்லை. நீ கேட்டது சரி. அவர் முகத்தைப் பார்த்தவள் நான். எந்தப் பக்கம் நிற்பது.

நேற்று தேவகோட்டையிலிருந்து பெரிய பவர் சப்ளை ஒன்று கொண்டுவந்திருக்கிறார். வோல்ட் கூடினால் டிரைவர் போய்விடும் என்று நீ சொன்னதை இன்று சொன்னேன். இருப்பது ஒரே டிரைவர். "நாளைக்கு மாட்டுறேன். எரிஞ்சா எரியட்டும், பட்டறையப் பூட்டிருவோம்" என்றார். கோபம் இல்லாமல் சொன்னார். அதுதான் பயம்.

காலையில் நீயே அவரைக் கூப்பிடு. குறை சொல்லாதே. புது மோட்டாரில் எழுத்து தெளிவாக இருக்கிறது, அதைப் படித்துச் சொல்லச் சொல். படிப்பார் என்று நினைக்கிறேன். தெரியவில்லை.

கொப்புடையம்மன் உன்னோடு இருக்கட்டும். இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே.

அம்மா,
சுபலட்சுமி
காரைக்குடி

கடிதத்தை எழுதி முடித்தபோது அவர் டீக்கடைக்குப் போயிருந்தார். பட்டறைக்குப் போனேன். டிரைவரைக் கழற்றத் தெரியவில்லை. புதுப் பவர் சப்ளையைத் தூக்கிவந்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.