பதினோரு மணிக்கு லோன்காரர் வருவார்

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிஞ்சு இப்பத்தான் படுத்தீங்க, எழுப்ப மனசு வரல. சோறும் குழம்பும் மூடி வெச்சிருக்கேன். நான் பஸ்ல போறேன், கார் சாவி ஆணியில தொங்குது.

பதினோரு மணிக்கு லோன் கம்பெனி ஆள் வருவார். உட்கார வெச்சு தண்ணி குடுங்க. கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க. "முழு இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆகணும், இல்லேன்னா நாங்களே எடுத்துத் தவணையில சேர்த்துடுவோம்"னு இப்போ சொல்றாங்களே, கார் வாங்கின அன்னிக்கு ஏன் வாயைத் திறக்கலன்னு கேளுங்க. வெளியில நாமளே எடுத்தா பாதி விலைதான். எங்க கிளினிக்குக்கு வர்ற இன்ஷூரன்ஸ் அம்மா எழுதிக் குடுத்த தாள் மேஜை மேல இருக்கு, அதைக் காட்டுங்க.

நேத்து சாயங்காலம், "லோன் பேப்பரைப் படிக்காமலே தலையாட்டிட்டு வந்தீங்களா?"ன்னு கத்திட்டேன். நீங்க சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டீங்க.

பி.கு.: செருப்பு மாட்டினவ திரும்பி வந்து அந்த லோன் பேப்பரைப் பிரிச்சுப் பார்த்தேன். ஏழாம் பக்கத்துல பொடி எழுத்துல அந்த இன்ஷூரன்ஸ் விஷயம் எல்லாம் இருக்கு. கீழே உங்க கையெழுத்து. பக்கத்துலயே என்னோடதும்.

உங்களுக்கு இது நேத்தே ஞாபகம் இருந்திருக்கும். ஆனாலும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே.

கிளினிக்குல அரை நாள் லீவு சொல்லிட்டு பதினோரு மணிக்குள்ள வந்துடறேன். ரெண்டு பேருமே உட்கார்ந்து பேசுவோம்.