பின்னால் வந்த மகள்

ஞாயிறு இரவு, தேயிலைத் தோட்டத்து லய வீடு.

கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கும் மகளுக்கு இன்று லீவு. இருவரும் புறக்கோட்டையை நடந்தே சுற்றினோம். சிவப்புப் பள்ளிவாசல், செட்டியார் தெருக் கோயில், கொச்சிக்கடை அந்தோனியார், அங்கிருந்து துறைமுகத்துக் கப்பல்கள். எல்லாவற்றையும் அவள்தான் காட்டினாள். ஆனால் என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்த பழக்கம் என்று நினைத்தேன்.

"ரோடு இம்புட்டு அகலமா கெடக்கே, பக்கத்துல வாயேன்டி."

"வீட்டுக்கார நோனாம்மாகூட கடைக்குப் போயிப் போயிப் பழகிருச்சும்மா."

கொஞ்ச தூரம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பேச்சு நின்றது. திரும்பினேன். மறுபடியும் பின்னால்.

அவளை விட்டுவிட்டு பஸ் பிடித்து லயத்துக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. இந்த மலையில் அவள் எப்போதும் எனக்கு முன்னால்தான் ஓடுவாள். "பாத்துடி, விழுந்துருவ" என்று பின்னாலிருந்து கத்துவது நான்தான்.