சந்தனம் வைத்த மெமரி கார்டு

ஓசூர்,
விஜயதசமி நாள்.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பெண்டாட்டி மாதேஸ்வரி எழுதுகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் "ம்" என்பீர்கள். சாப்பிட்டீர்களா என்றால் அதற்கும் "ம்". அந்த "ம்"முக்கு மேல் பேச்சை எப்படி நகர்த்துவது என்று தெரியாமல்தான் காகிதத்தை எடுத்தேன். காகிதத்தைப் பார்த்து நீங்கள் "ம்" சொன்னால் எனக்குக் கேட்காது. அதனால் தடையில்லாமல் எழுதுவேன்.

கவருக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் மெமரி கார்டு இருக்கும். படகில் ஸ்டியரிங்குக்கு மேலே இருக்கிற மேப் ஸ்கிரீனில் போட வேண்டியது. அவசரப்பட்டு இப்போதே போடாதீர்கள். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள்.

அத்தை நாட்றாம்பாளையத்தில் சுகமாக இருக்கிறார்கள். ராகி கதிர் பிடித்திருக்கிறது. யானை இறங்கினால் காவலுக்கு ஆள் இல்லையே என்று திட்டிக்கொண்டே இருக்கிறார்கள். திட்டு உங்களுக்கும் சேர்த்துத்தான். மகன் உடுப்பிப் பக்கம் கடலில் மீன் பிடிக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள். முதலாளியின் உல்லாசப் படகைப் பார்த்துக்கொள்கிற வேலை என்று நான் எத்தனை தடவை சொன்னாலும், மீனும் பிடிக்காமல் சும்மா சுற்றிப் பார்க்க யாராவது படகு வாங்குவார்களா என்று என்னையே கேட்கிறார்கள்.

கம்பெனியில் நேற்று ஆயுத பூஜை. தகடு அமுக்குகிற பிரஸ் மிஷின்களை எல்லாம் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்தார்கள். ஆபீசில் கம்ப்யூட்டர், பிரிண்டர், காகிதத்தில் ஓட்டை போடுகிற பஞ்சிங் மிஷின் வரைக்கும் நானே சந்தனம் குங்குமம் வைத்தேன். இந்தக் கார்டையும் தட்டில் வைத்துக் கும்பிட்டுத்தான் அனுப்புகிறேன். உங்கள் கைக்கு வரப்போகிற ஆயுதம் அல்லவா, அதற்கும் நெற்றி நிறையப் பொட்டு வைத்தேன். கார்டுக்கு நெற்றி எது என்று கேட்காதீர்கள். பின்பக்கம் தங்க நிறத்தில் கோடு கோடாக மினுமினுத்த இடத்தை நெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படகு நம் கம்பெனி பெயரில் பதிவாகியிருப்பதால், மேப் விற்றவர்கள் அனுப்பும் மெயில் எல்லாம் என் கம்ப்யூட்டருக்குத்தான் வருகிறது. உங்கள் கடல் வரைபடம் பழையதாகிவிட்டது, புதியதை இறக்கிக்கொள்ளுங்கள் என்று மாதா மாதம் எழுதுவார்கள். முதலாளியின் ரோஜாத் தோட்டத்துக்கு மருந்து விற்கிறவர்கள் அனுப்புகிற மெயில் மாதிரி இதுவும் விளம்பரம் என்று நினைத்திருந்தேன். மழை முடிந்து படகை ஆற்றில் இறக்கிய அன்று, போனில் நீங்கள் வாய் தவறி ஒரு முழு வாக்கியம் பேசிவிட்டீர்கள். "ஆன் பண்ணாவே மேப் பழசாயிடுச்சுன்னு காட்டுது, ஓகே அமுக்கிட்டு ஓட்டிக்கினு இருக்கேன், ஒண்ணும் ஆவலே." அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அந்த மெயில்களைத் திறந்து, அதில் சொன்னபடி புது மேப்பை இந்தக் கார்டில் இறக்கினேன். சாப்பாட்டு நேரம் முழுக்க அது இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? நீலமாக இருந்த இடமெல்லாம் நல்ல ஆழம் என்று நினைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்த விளக்கத்தைப் படித்தால் எல்லாம் தலைகீழ். வெள்ளைதான் ஆழம். நீலம் ஆழம் குறைந்த இடம். பச்சை என்றால் தண்ணீர் வற்றும்போது மணல் வெளியே தெரிகிற இடம். கடலைத் தவிர வேறெதுவும் இப்படி நிறம் மாற்றி நம்மை ஏமாற்றாது.

நீங்கள் படகைக் கட்டி வைத்திருக்கிற ஆறு கடலில் சேரும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். பழைய மேப்பில் தெற்குப் பக்கம் அலையைத் தடுக்கிற கல்சுவரை ஒட்டி ஒரு வெள்ளைப் பாதை நேராகப் போகிறது. புதிய மேப்பில் அந்த இடம் முழுக்கப் பச்சை. பாதை வடக்கே ஒதுங்கி வளைந்து போகிறது. மழை நாளெல்லாம் ஆறு கொண்டுவந்த மணலை அங்கே கொட்டியிருக்கும் போல. மழைக்குப் பிறகு இத்தனை நாள் ஆற்றுக்குள்ளேயே ஓட்டியதால் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை முதலாளி குடும்பத்தோடு வருகிறார். மகள், மருமகன், குழந்தைகள் எல்லாரும். கடலுக்குப் போய் டால்பின் பார்க்க வேண்டுமாம். அவர்களுக்கு ரூம் போட்டுக் கொடுத்ததே நான்தான்.

மாமா, இதை எழுத இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். போன வருஷம் அன்றைக்கு, நீங்கள் இங்கே ஓட்டிய பிரஸ் மிஷினிலும் இப்படித்தான் அலாரம் அடித்தது. கை உள்ளே இருந்தால் எச்சரிக்கிற அந்த சென்சார் வெறுமனேயும் அடிக்கும், எல்லாரும் ரீசெட் அமுக்கிவிட்டு ஓட்டுவார்கள், நிறுத்தினால் உற்பத்தி குறையும் என்று முதலாளியும் அமுக்கத்தான் சொல்லியிருந்தார். எல்லாம் எனக்குத் தெரியும். நீங்களும் அமுக்கினீர்கள். அந்த ஒரு தடவை, உங்களோடு மிஷினில் நின்ற முத்துக்குமார் அண்ணனின் கை உள்ளே இருந்தது. இரண்டு விரல் போய்விட்டது. உங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சு அடங்கட்டும் என்று முதலாளி உங்களைப் படகுக்கு அனுப்பிவிட்டார். நீங்களும் கிளம்பிவிட்டீர்கள். அன்று ஆரம்பித்த "ம்"தான் இன்றுவரை.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அமுக்கியதற்கு இல்லை. அவ்வளவு நடந்த பிறகும், இன்னொரு மிஷின் எச்சரித்தால் உங்கள் கை அதே போல் போகிறதே, அதற்குத்தான். கோபத்தைவிடப் பயம் அதிகம். இன்னொரு தடவை அப்படி ஒன்று நடந்தால் நீங்கள் எனக்குத் திரும்பக் கிடைக்க மாட்டீர்கள்.

கார்டைப் போட்டு மேப்பைப் புதுப்பியுங்கள். பாதை வடக்கே வளைகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கார்டு வேலை செய்யவில்லை என்றால் படகை எடுக்காதீர்கள். முதலாளியிடம் "முடியாதுங்க" என்று சொல்லுங்கள். அந்தச் சொல் உங்கள் வாயில் வராது என்று தெரியும். எனக்காக ஒரு தடவை வரவழையுங்கள். நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும், உங்களை நம்பி ஏறுகிறவர்களும் நல்லபடியாக இறங்க வேண்டும்.

உங்கள் போனுக்குக் காத்திருக்கும்,
மாதேஸ்வரி.


ஓசூர்,
புதன்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் போனில் எல்லாம் சொன்ன பிறகு எதற்கு மறுபடி கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள், எனக்குத்தான் பேச்சு வரவில்லை. நீங்கள் வைத்த பிறகு சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு அழுதேன். பக்கத்து வீட்டு சுமலதா அக்கா வந்து, உன் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு என்று பதறிக் கேட்டார்கள். பேசினார் அக்கா என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை.

உங்கள் போனுக்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, முதலாளி என்னைப் போனில் கூப்பிட்டுவிட்டார். அதை உங்களிடம் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் தெலுங்கு. கோபம் வந்தால் நாராயணப்பன் சாருக்குத் தமிழ் மறந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? கொஞ்சம் தணிந்து தமிழுக்கு வந்த பிறகுதான் நடந்தது விளங்கியது. குழந்தைகள் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கரையில் நிற்கிறார்களாம். நீங்கள் கார்டைப் போட்டுப் போட்டு எடுக்கிறீர்களாம். ஸ்கிரீன் அதைப் படிக்கவே மாட்டேன் என்கிறதாம். போன வருஷம் போன வழிதானே, பழைய மேப்பிலேயே போகலாம் என்று சார் சொன்னதற்கு, நீங்கள் சாவியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, "மேப் ஏறலீங்க. நான் எடுக்க மாட்டேனுங்க" என்றீர்களாம்.

"எத்தினி வருசமா எங்கிட்ட இருக்கறான், மாட்டேன்னு ஒருநாள் சொன்னவன் இல்லியே உன் ஊட்டுக்காரன். நீ என்னாத்த எழுதி அனுப்பிச்சே?" என்று சார் கேட்டார். மேப்தான் சார் அனுப்பினேன் என்றேன். போனை வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபடி ஒரு தடவை சிரித்தேன்.

சாவி கையில் இருந்தும் சார் படகை எடுக்கவில்லை, குடும்பத்தைக் கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டார் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று அவரிடம் யார் கேட்பது? முத்துக்குமார் அண்ணனுக்கு விரல் போன அன்றைக்கு மிஷின் பக்கத்தில் அவரும்தான் நின்றிருந்தார்.

கார்டு ஏன் ஏறவில்லை என்று நீங்கள் சொன்னதும் எனக்கு மானம் போய்விட்டது. தங்கக் கோட்டின்மேல் சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டி உட்கார்ந்திருந்ததா? மின்சாரம் போக வேண்டிய இடத்தையா நான் நெற்றி என்று நினைத்தேன்? அவர்கள் போன பிறகு நீங்கள் ரப்பர் வைத்துத் தேய்த்ததையும், குங்குமம் சட்டையெல்லாம் ஆனதையும், உடனே கார்டு வேலை செய்ததையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நாள் ஆகிறது உங்கள் சிரிப்பைக் கேட்டு. ஆபீசில் மற்ற சாமான்களை எல்லாம் மறுநாளே துடைத்துவிட்டேன், பஞ்சிங் மிஷின் உட்பட.

விஷயத்தைச் சொன்னால், சாமிதான் காப்பாற்றியது என்று அத்தை கற்பூரம் ஏற்றுவார்கள். நான் ஏற்ற மாட்டேன். சந்தனம் நிறுத்தியது கார்டைத்தான். படகை நிறுத்தியது நீங்கள்.

மேப் ஏறிய பிறகு, தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துக் கல்சுவர்மேல் நடந்து போய்ப் பார்த்தீர்களே, அது எனக்கு மிகவும் பிடித்தது. போன வருஷம் நீங்கள் படகு ஓட்டிய பாதையில் கொக்கு நின்றுகொண்டிருந்தது, அதற்கு முட்டி அளவுகூடத் தண்ணீர் இல்லை என்று சொன்னீர்கள். சொன்ன விதத்திலேயே அந்தக் குழந்தைகளை நினைத்தீர்கள் என்று தெரிந்தது. நானும் நினைத்தேன். அந்தக் கொக்கைப் போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பினீர்கள், அவர் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. இன்று காலையில் மட்டும் என் மேஜைப் பக்கம் வந்து, உன் ஊட்டுக்காரன் அஜித்தை இங்கே வரச் சொல்லு, படகுக்கு வேற ஆள் பாக்கறேன் என்றார். அது கோபமா, வேறெதுவுமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. திரும்ப மிஷினுக்கு எடுத்துக்கொள்வாரா, கணக்கை முடித்து அனுப்பிவிடுவாரா, தெரியாது. எதுவானாலும் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஊரில் கம்பெனிக்கா பஞ்சம்?

ஒரு விஷயம் இத்தனை நாள் உங்களிடம் சொல்லவில்லை. நான் அவ்வப்போது குந்தாரப்பள்ளிக்குப் போய் முத்துக்குமார் அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன். அவர் மனைவி அனிதா அக்கா போச்சம்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள், விடிந்தால் கம்பெனி பஸ் வந்துவிடுகிறது. அண்ணன் சந்தை அன்றைக்கு மாடு ஏற்றுகிற வண்டிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறார். இடது கையால் எழுதப் பழகிவிட்டார். டீ கிளாசை மட்டும் இன்னும் இரண்டு கையாலும் பிடிக்கிறார்.

ஒவ்வொரு தடவையும் உங்களைக் கேட்பார். நான் ஏதாவது சொல்லி மழுப்புவேன். போன தடவை மழுப்ப விடவில்லை. "அலாரம் அடிச்சது எனக்கும்தான் கேட்டுச்சு. நானும்தான் கைய எடுக்கலே. அவன் வந்து ஒரு வார்த்தை பேசினா போதும், அதுக்கு என்னா பயம் அவனுக்கு?" என்றார். திட்டவில்லை மாமா. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதற்குப் பதில் என்னிடம் எதற்கு? உங்களிடம்தான் இருக்கிறது.

சனிக்கிழமை கிளம்பிப் பெங்களூர் வந்துவிடுங்கள். துவைத்த துணியை ஈரத்தோடு மூட்டையில் கட்டாதீர்கள், நாறும். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் தூங்குங்கள். பெங்களூரில் ஓசூர் பஸ் ஏறாதீர்கள். கிருஷ்ணகிரி பஸ் ஏறுங்கள். நம் வீடு வழியில் வரும், இறங்க வேண்டும் போல இருக்கும். இறங்காதீர்கள். குந்தாரப்பள்ளி கூட்ரோட்டுக்கு டிக்கெட் எடுங்கள். நான் முன்னாலேயே போய் அங்கே நிற்கிறேன். நீங்கள் வருவதாக அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

என்றும் உங்கள்,
மாதேஸ்வரி.